காலிப் பெட்டியில் என் கார்

எனக்குக் குஜராத்தின் முந்த்ரா துறைமுகக் கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது என்று சொன்னதும் மக்தூம் மாமா கேட்டது என் காரைப் பற்றித்தான்.

"காரை என்னளா செய்யப் போற ஆமிரா? இங்கன நிக்கட்டும். உஸாமா பாத்துக்கிடுவான்."

உஸாமா அவர் மகன். கார் என் சம்பளத்தில் வாங்கியது. அதில்தான் தினமும் காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போய், துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். மாமாவுக்கு அதன்மேல் கண். அதோடு, எங்கள் ஊரில் கல்யாணமானாலும் பெண் உம்மா வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வந்து சேருவார். நான் குஜராத்துக்குக் கிளம்புவதை அவரால் தாங்க முடியவில்லை. கார் இங்கே நின்றால் நானும் சீக்கிரம் திரும்பிவிடுவேன் என்று நினைத்தார். பழகாத ஊரில் கார் இல்லாவிட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரிதான். அதனாலேயே விடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

மாமா விசாரித்துக்கொண்டு வந்தார். கார் ஏற்றும் லாரிக்கு வாடகை, ஆள் வைத்து ஓட்டினால் பெட்ரோல், டோல், அவன் திரும்பிவர டிக்கெட். சந்தோஷமாகவே சொன்னார், அதுதான் எரிச்சல்.

"கட்டுப்படியாவாதுளா."

கப்பலில் அனுப்புகிறேன் என்றேன். சிரித்தார். குஜராத்திலிருந்து டைல்ஸ் ஏற்றிவரும் கண்டெய்னர் பெட்டிகளில் பல, சரக்கு கிடைக்காமல் காலியாகத் திரும்பும். சும்மா போகிற பெட்டிக்கு வந்த வாடகை லாபம். அந்தக் காலிப் பெட்டிகளைத் திருப்பி அனுப்ப ஆர்டர் போடுகிறவளே நான். லாரிக்காரன் கேட்டதில் பாதிக்குக் கப்பல் கம்பெனியோடு பேசி முடித்தேன்.

ஏற்றுகிற அன்று மாமா உஸாமாவோடு யார்டுக்கே வந்துவிட்டார். பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலையாம். பெட்டி தரையில் இருந்தது, அதன் வாயில் கார் ஏறுவதற்கு இரும்புப் பலகை. சக்கரங்களைக் கட்ட வேண்டும் என்பதால் கார் நட்டநடுவில்தான் நிற்க வேண்டும் என்றார் சூப்பர்வைசர் ஜேசுபாதம். உஸாமா உள்ளே ஓட்டினான். கார்க் கதவு பெட்டிச் சுவரில் இடித்து ஒரு சாண்தான் திறந்தது. ஜிம்முக்குப் போய் வளர்த்த உடம்பு, கதவிலும் நுழையவில்லை, ஜன்னலிலும் நுழையவில்லை. பின்னால் எடுத்து வெளியே வந்துவிட்டான்.

"பாத்தியா? நடக்காத வேலை. வீட்டுக்குக் கொண்டு போவோம்" என்றார் மாமா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாவியை வாங்கினேன். உள்ளே ஓட்டி, நடுவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகப் புர்காவோடு வெளியே இறங்கி, பெட்டிச் சுவரை உரசிக்கொண்டே நடந்து வந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. ஜேசுபாதத்தின் ஆட்கள் சக்கரங்களைக் கட்டினார்கள்.

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"இத்தன ஆம்பளைக்கு முன்னால சன்னல் வழியா ஏறிக் குதிக்கியே, வெக்கமா இல்லையா? ஊருல என்ன சொல்லுவாக?"

"இங்கன இறங்கத்தான் செஞ்சேன் மாமா. முந்த்ராவுல போயி இதே சன்னல் வழியா உள்ள ஏறணும். காரை நான்தானே வெளிய எடுக்கணும்."