ஜெயித்தால் ஒரு வருஷம்

எங்கள் புதிர்ப் போட்டியில் ஜெயிப்பவர்களுக்குப் பரிசு என்ன தெரியுமா? அடுத்த வருஷப் போட்டியை அவர்களே தயாரிக்க வேண்டும். ஜனவரிப் பனியில் பாஸ்டன் கல்லூரி வகுப்பறைக்குள் மூன்று நாள் அடைந்துகிடந்து, மலைபோல் குவிந்த புதிர்களை அவிழ்த்து, ஒளித்துவைத்த நாணயத்தை முதலில் எடுக்கிற அணிக்குக் கைதட்டல் கிடைக்கும். அதோடு ஒரு வருஷத்துக்கு அவர்களுடைய சனி ஞாயிறும் போகும்.

அதனால் எங்கள் அணித் தலைவர் கார்வினுக்கு ஒரே கொள்கைதான். இரண்டாவதாக வர வேண்டும். "முதல்ல வர்றது, வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கற கதை" என்பார். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர், நல்ல மனுஷர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வெற்றி நெருங்கிவிட்டால் அவருக்குக் கட்டாயம் பசி எடுக்கும், டோநட் வாங்கக் கிளம்பிவிடுவார். பத்து வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டு நானும் சும்மாதான் இருந்தேன்.

இந்த வருஷம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. காரணம் லியோரா.

லியோரா என் தம்பி கிளென்னின் மனைவியாக இருந்தவள். விவாகரத்து வாங்கிக்கொண்டு அவன் புளோரிடாவுக்குப் போய்ப் படகு ஓட்டுகிறான். தம்பி விட்டுவிட்டான், நான் விடவில்லை. ஆனால் நீங்கள் இருவரும் என்ன உறவு என்று யாராவது கேட்டால் இரண்டு பேருமே திருதிருவென்று விழிப்போம். "ஒரே அணி" என்று சொல்லிச் சமாளிப்போம். உண்மையும் அதுதான். இந்தப் போட்டியையும் அதற்கான வியாழக்கிழமைப் பயிற்சியையும் எடுத்துவிட்டால் அவள் என் வீட்டுப் படி ஏற வேறு காரணமே கிடையாது.

வெள்ளிக்கிழமை காரில் வரும்போது அவள் சொன்னாள்: "அரிசோனாவுல, ஃபீனிக்ஸ்ல அக்கா வீட்டுப் பக்கத்துல ஒரு வேலை வந்திருக்கு, வெர்னா. திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"அங்க வெயில் நல்லா இருக்கும்" என்றேன். எனக்கு வாயில் அதுதான் வந்தது. போகாதே என்று சொல்ல நான் யார்? என் வீட்டுப் பிள்ளை செய்த காரியத்துக்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? பாதி தூரம் வந்திருப்போம். அப்போதுதான் தோன்றியது: ஜெயித்துவிட்டால்? அடுத்த போட்டி முடிகிற வரை யாரும் ஊரை விட்டு நகர முடியாது. எடுத்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிற ரகமும் இல்லை அவள்.

ஞாயிறு காலை நிலவரம் இது. ஒரே ஒரு புதிர்தான் பாக்கி. அதன் விடை கிடைத்தால் மற்ற விடைகளோடு சேர்ந்து நாணயம் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். அந்தப் புதிர் ஒரு துணி. பழைய கோட்டில் வெட்டியெடுத்த சாம்பல் நிறத் துணியில் கலர் கலராகப் பொத்தான் தைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கூடவே ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.

கார்வின் நிறங்களை வானவில் வரிசையில் எழுதிப் பார்த்தார். நான் பொத்தானின் துளைகளை எண்ணிப் பார்த்தேன். பிறகு சுவரோரம் டக் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று, மறுபடி குட்டை. எனக்குப் புல்லரித்துவிட்டது. மோர்ஸ் தந்திக் குறியேதான் என்று பென்சிலை எடுத்து உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புள்ளியும் கோடும் போட்டேன்.

கார்வின் எட்டிப் பார்த்தார். "வெர்னா, அது ரேடியேட்டர்."

"ரேடியேட்டர் ஏன் இவ்வளவு ஒழுங்கா தட்டுது?"

"ரூமைச் சூடாக்கற குழாய்தானே, சூடு ஏறினா தட்டும்மா. போன வருஷமும் தட்டிச்சு. சரி, எனக்குப் பசிக்குது. டோநட் யாருக்கு என்ன வேணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதிய தாள்களைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். மேல்தளத்து மாணவர் அணி எங்களுக்கு ஒரு புதிர்தான் பின்னால் இருந்தது. இவருக்கு டோநட் கேட்கிறது.

லியோராவோ ஜன்னலோரம் உட்கார்ந்து, துணியை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியிருந்தாள். ஒரு கை துணிக்கு அடியில் இருந்தது.

"ஏதாவது தெரியுதா?" என்றேன்.

"பாக்கறேன்."

கார்வின் போய், சாவகாசமாக டோநட்டோடு திரும்பியும் வந்துவிட்டார். அப்போதும் அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். கார்வின் ஒன்றை என்னிடம் நீட்டினார். "சாப்பிடு. அந்தப் பசங்க ஜெயிச்சிட்டுப் போகட்டும். நமக்கு எதுக்கு வம்பு?"

டோநட் டப்பாவைப் பிடுங்கி மேஜையில் அறைந்தேன். சர்க்கரைப்பொடி என் ஸ்வெட்டரெல்லாம் பறந்தது. "எனக்கு இந்த வருஷம் ஜெயிக்கணும்."

"உனக்கா? எதுக்கு?"

"ஜெயிக்கலன்னா இவ போயிடுவா. அரிசோனாவுக்கு. நாளைக்கே சரின்னு சொல்லிடுவா. ஜெயிச்சா ஒரு வருஷமாவது இங்க இருப்பா." சொல்லிவிட்டு லியோரா பக்கம் திரும்பினேன். வந்தது வந்துவிட்டது, இனி எதை மறைப்பது? "நீ போறது எனக்குப் பிடிக்கலடீ. கேக்க எனக்கு உரிமை இல்லன்னு தெரியும். ஆனாலும் கேக்கறேன். போகாத."

கார்வின் வாயில் வைத்த டோநட்டைக் கடிக்க மறந்து நின்றார். லியோரா எழுந்தாள். துணியை என் கையில் கொடுத்து, "திருப்பிப் பாரு" என்றாள்.

திருப்பினேன். பொத்தான் தைத்த நூலின் முடிச்சுகள் பின்பக்கம் சில பொத்தான்களில் மொட்டு மொட்டாகப் புடைத்திருந்தன, சிலவற்றில் வழவழவென்று இருந்தன. விரலால் தடவினால் பார்வையற்றோர் படிக்கிற பிரெய்ல் எழுத்து. மூன்று பேரும் காலையிலிருந்து முன்பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். மூன்று பேர் என்றா சொன்னேன், இரண்டு பேர்.

"இது எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"நீ ரேடியேட்டரைப் படிச்சிட்டிருந்தப்பவே."

"அப்பவேவா? ஏன் சொல்லல?"

"சொன்னா ஜெயிச்சிடுவோம். ஜெயிச்சா இருக்கணும்." அவள் என் ஸ்வெட்டரில் இருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டாள். "நான் இருக்கணும்னு இங்க யாருக்காவது தோணுதான்னு பாத்தேன். நீ என்னடான்னா வெயில் நல்லா இருக்கும்ங்கற."

எனக்கு அழுகை வந்தது, கொஞ்சம் அழுதேன். அதற்குள் அவள் அறையின் போனை எடுத்து அமைப்பாளர்களுக்கு விடையைச் சொல்லிவிட்டாள். சரி என்றார்கள். கார்வின் "போச்சு, எல்லாம் போச்சு" என்று முனகிக்கொண்டே கோட்டை மாட்டினார். ஆனால் படியில் எங்களுக்கு முன்னால் ஓடியவர் அவர்தான். நூலகத்துப் பழைய கடிகாரத்தின் பின்னால் நாணயம் இருந்தது. கையை விட்டு எடுத்தவரும் அவர்தான். போன வருஷம் ஜெயித்து, இந்த வருஷப் போட்டியை நடத்திய அமைப்பாளர்கள் எங்களைவிட அதிகமாகக் குதித்தார்கள். அவர்களுக்கு விடுதலை அல்லவா.

வெளியே பனி விட்டிருந்தது. மூவரும் பக்கத்துக் கடையில் சூடாகச் சிப்பி சூப் குடிக்க உட்கார்ந்தோம். லியோரா தன் அக்காவுக்குப் போன் போட்டாள். அந்த அம்மாவின் குரல் மேஜை முழுக்கக் கேட்டது.

"இந்த வருஷம் வர முடியாதுக்கா. இங்க பெரிய வேலை ஒண்ணு வந்திருக்கு."

"என்ன வேலை? யாரு குடுத்தா?"

லியோரா என்னைப் பார்த்துவிட்டு, சூப்பில் உப்பு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டாள்.

"என் நாத்தனார்" என்றாள்.