அரசைக் குறைப்போம் கட்சியின் கடைசி வியாழன்

'அரசைக் குறைப்போம்' கட்சிக்கு ஆயுள் வியாழக்கிழமை மாலை நான்கு மணி வரை. கட்சி தொடங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. தற்காலிகப் பதிவு அவ்வளவுதான்; நீட்டிக்க ஒரு முத்திரை போதும். பொதுச்செயலாளர் மருதாசலம் மூன்று மணிக்கே கோவைப் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

லைசென்ஸ் வேண்டாம், வரி குறையட்டும், அரசு ஓரமாக நிற்கட்டும். கட்சியில் மொத்தம் ஒன்பது பேர். யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்துவதில்லை என்பது கொள்கை. ஆகவே அவரைத் தவிர ஒருவரும் வரவில்லை. அதில் அவருக்குப் பெருமைதான்.

கவுண்டரில் ஹேமாவதி.

"கட்சி இருக்குதுங்கறதுக்கு என்னங்க ஆதாரம்?"

"நானே வந்திருக்கறனேம்மா."

"நீங்க இருக்கறதுக்கு?"

அது தனிப் படிவம். மாடியில் தருகிறார்கள்.

"மனுசன் இருக்கறதுக்கு எதுக்கும்மா அனுமதி? இந்த மாடிதான் எதுக்கு?"

அவர் கேட்டதுமே மாடி இல்லாமல் போய்விட்டது. மேலே இருந்தவர்கள் இறங்கி டீ குடிக்கப் போனார்கள்.

கட்சியின் முதல் வெற்றி. மருதாசலத்துக்குக் குரல் ஏறியது. தாழ்வாரம் எதற்கு என்றார்; அது இரண்டடியானது. பதினாலு மேசை எதற்கு என்றார், ஒன்றுதான் மிச்சம். சுவர்கள் மரியாதையாக நெருங்கி வந்தன. வீட்டில் அவர் பேச்சை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"அண்ணா, நிறுத்துங்க." ஹேமாவதியின் முழங்கால் சுவரில் இடித்தது. "முத்திரை வேணும்னீங்கல்ல?"

"ஆமாம்மா."

"நீங்க குறைச்ச மேசை டிராயர்லதானுங்க இருந்துச்சு."

மணி மூன்று ஐம்பது.

"திரும்ப வராதா?"

"வருமுங்க. அரசைக் கொஞ்சம் கூட்டணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

மருதாசலம் வாயைத் திறந்தார். மூன்று ஐம்பத்தொன்பது வரை திறந்தே வைத்திருந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"அது மட்டும் வராதும்மா."

நான்கு மணிக்குக் கட்சி, ஒரு தும்மலைப் போல, முடிந்தது.

இருவரும் வெளியே வந்தார்கள். சுருங்கிக்கொண்டே போன அலுவலகம் இப்போது டிபன் பாக்ஸ் அளவு. ஹேமாவதி அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"நான் எங்கண்ணா உக்கார்றது? ரிட்டையர் ஆக இன்னும் ஆறு வருசம் கிடக்குது."

மருதாசலத்துக்கு மனசு கேட்கவில்லை. காந்திபுரத்தில், கட்சி இருந்த அறைக்குக் கூட்டிப்போய், இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அரசு அதில் உட்கார்ந்தது. பையிலிருந்து அலுவலகத்தை எடுத்துத் திறந்தது.

"அடுத்தது யாருங்க?"

மருதாசலம் திரும்பிப் பார்த்தார். உறுப்பினர்கள் எட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. தாமாகவே வந்திருந்தார்கள்.

"என்ன விசயம்?" என்றாள் ஹேமாவதி.

"கட்சி தொடங்கணுமுங்க."

மருதாசலம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.