சூலத்து எலுமிச்சை

குமாரவேலின் இடது கணுக்காலில் முடி முளைப்பதில்லை. பதினோரு வருடம் கயிறு உரசிய இடம் அது. அம்மாவும் அப்பாவும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது, தொழிலாளர் வரிசைவீடான லயத்துக் காம்பராவில் கட்டில் காலோடு அவனைக் கட்டிவிட்டுப் போவார்கள். கட்டாமல் போன ஒரு நாள் அவன் பஸ் ரோட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு கயிற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அவனுடைய தங்கை ஷாமிளா படித்துவிட்டுத் திரும்பி வந்து, கொடகவெலப் பக்கத்துத் தங்கள் தேயிலைத் தோட்டத்தில் பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவை, குழந்தைகள் காப்பகத்தை, கேட்டு வாங்கி, ‘அரும்பு’ நிலையத்தைத் தொடங்கினாள். இடாப்பில் எழுதிய முதல் பெயர் அண்ணனுடையது. இப்போது இருபத்தேழு பேர். நடக்க முடியாத ஒன்பது வயது லோஜினியும் உண்டு, காது கேளாத ஐம்பது வயதுக்காரரும் உண்டு. பெற்றவர்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் எவரையும் கட்டிப்போட வேண்டியதில்லை. அரும்பு அதற்காகத்தான்.

தோட்டத்தில் பொழுது பெரட்டுக்களத்தில்தான் விடியும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார், ஆட்கள் கையைத் தூக்கிவிட்டு அன்றைய மலைக்குப் பிரிந்து போவார்கள். அரும்பிலும் ஷாமிளா ஒரு பெரட்டு வைத்தாள். பேர் கூப்பிட்டால் வலது கையைத் தூக்கி, “வந்துட்டேன்” என்று சொல்ல வேண்டும். குமாரவேலுக்கு அதைப் பழக்க எட்டு மாதம் பிடித்தது. முப்பத்து நாலு வயதில் அவன் தெளிவாகச் சொல்லும் ஒரே சொல் அது. எங்கே, யார் அவன் பெயரைச் சொன்னாலும் கை மேலே போகும். முகம் முழுக்கச் சிரிப்பு வரும்.

வைகாசிக் காற்றில் பிள்ளைக்காம்பராவின் கூரைத் தகரம் பாதி பறந்தது. மீதி தொங்கியது. தோட்டத்தை நடத்தும் தொரை வந்து பார்த்தார்.

“ஆகஸ்ட் கடைசிக்குள்ள கூரை போடுங்க டீச்சர். இல்லேன்னா பூட்டிருவேன். ஒரு புள்ள தலையில விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்.”

கூரைக்கு இரண்டு லட்சத்து எண்பதாயிரம் என்று மேசன் சொன்னான். ஷாமிளாவும் லோஜினியின் அம்மா புஷ்பமும் பால்மா டின்னில் ஓட்டை போட்டு, பஸ்ஸிலும் பசாரிலும் குலுக்கினார்கள். இரண்டு மாதத்தில் கூரையின் ஒரு மூலைக்குத் தேறியது.

அப்போதுதான் கோயில் தலைவர் இராமசாமி சொன்னார்.

“இந்த வருசம் சூலத்துப் பழம் ஒங்களுக்கு, மகள். அம்மன் போடுவா கூரைய.”

ஆடித் திருவிழாவின் ஒன்பது நாளும் மாரியம்மன் சூலத்தின் நடுமுனையில் குத்தியிருக்கும் எலுமிச்சம்பழம் அது. கடைசி நாள், மஞ்சள் தண்ணீர் ஊற்றி முடிந்ததும் ஏலம் விடுவார்கள். மாணிக்கக் குழி வைத்திருப்பவர்கள் அதற்கு அடித்துக்கொள்வார்கள். குழியின் வாயில் அந்தப் பழத்தை வைத்தால் அது அழுகுவதற்குள் கல் அகப்படும் என்று நம்பிக்கை. ஒரு கை தூக்கினால் ஐயாயிரம் ஏறும். அம்மன் முன்னால் தூக்கிய கை தூக்கியதுதான். யாரும் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

ஏலம் பகல் மூன்று மணிக்குத் தொடங்கியது. ஐந்நூறு பேர் இருப்பார்கள். எல்லார் உடுப்பும் மஞ்சளும் குங்குமமுமாக நனைந்து ஒட்டியிருந்தது. இராமசாமி மேசைமேல் ஏறி மைக்கைப் பிடித்திருந்தார். ஒரு பக்கம் கஜேந்திரன். ஆற்றோரம் மூன்று குழி, கறுப்பு ஜீப், நீலக்கல் மோதிரம், காலையிலிருந்து குடி. மறுபக்கம் பசாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் சுரேந்திரன். போன வருடம்வரை இரண்டு பேரும் ஒரே குழியில் பங்காளிகள். ஒரு கல்லை மறைத்ததில் பிரிந்தவர்கள்.

சுரேந்திரன் ஏற்றிக்கொண்டே போனான். கஜேந்திரன் இரண்டு லட்சத்து ஐம்பதாயிரத்துக்குக் கையைத் தூக்கியதும், கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்தான்.

“எனக்குப் போதும். பெரிய ஆளு எடுத்துக்கட்டும்.”

“ரெண்டு அம்பது, ஒரு தரம்!” என்றார் இராமசாமி. “எல்லாரும் கேளுங்க, இந்தக் காசு எவன் பைக்கும் போகாது. நம்ம குமாரவேல் மாதிரி புள்ளைங்களுக்குக் கூரை. ரெண்டு அம்பது, ரெண்டு தரம்…”

“வந்துட்டேன்!”

கூட்டத்தின் நடுவில் குமாரவேலின் கை நட்டமாக நின்றது.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு சிரிப்பு வெடித்தது. சுரேந்திரன் தொடையில் தட்டினான்.

“கை விழுந்திருச்சி! ரெண்டு அம்பத்தஞ்சி! தலைவரே, அம்மன் பாத்த கை, சொல்லுங்க!”

கஜேந்திரன் முறைத்துக்கொண்டு கையைத் தூக்கினான். இரண்டு அறுபது.

“ஐயோ, அவன் வெவரம் தெரியாதவன், முதலாளி,” என்றார் இராமசாமி மைக்கில். “குமாரவேலு, சும்மா இருப்பா…”

“வந்துட்டேன்!”

இரண்டு அறுபத்தைந்து. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கஜேந்திரனின் கை மறுபடி எழுந்தது. சுரேந்திரன் இப்போது வேண்டுமென்றே கூப்பிட்டான்.

“குமாரவேல்! டேய் குமாரவேல்!”

“வந்துட்டேன்!”

ஷாமிளா டின்னோடு அண்ணனின் முதுகுக்குப் பின்னால் ஒரு எட்டுத் தூரத்தில் நின்றாள். அவன் கையைப் பிடித்து இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. இரண்டு எழுபத்தைந்து. இன்னும் ஒரு கை, கூரை முழுசாக வந்துவிடும். அதை மட்டும்தான் அவள் நினைத்தாள்.

கஜேந்திரன் கையைத் தூக்கினான். இரண்டு எண்பது.

அவள் பாய்ந்து அண்ணனின் தோளைப் பிடித்தாள். “போதும் அண்ணே, கையை இறக்கு, போதும்.”

“குமாரவேல்!” என்று சுரேந்திரன் கத்தினான். “கஜேந்திரன் முதலாளிக்கே வெல காட்டுற ஆம்பள நீ ஒருத்தன்தான்டா!”

அவள் பிடியைத் திமிறிக்கொண்டு கை மேலே போனது.

கஜேந்திரன் ஏலத்தை விட்டுவிட்டு நேரே நடந்து வந்தான். கூட்டம் வழி விட்டது.

முதல் அறையில் குமாரவேல் சிரித்தான். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பான். இரண்டாவது முட்டியால் விழுந்தது. மோதிரக் கல் கன்னத்தை வாயோரம்வரை கிழித்தது. பல் தெரிந்தது.

“எவன்டா ஒன்னய ஏலம் கேக்கச் சொன்னவன்? ஒன் பேரு என்னடா? குமாரவேலா? நீதான் குமாரவேலா?”

பெயரைக் கேட்டதும் கை எழுந்தது. வாய்க்குள் இரத்தம் நிறைந்திருந்ததால் சொல் வரவில்லை. தூக்கிய கையைப் பார்த்து கஜேந்திரனுக்கு வெறி ஏறியது. அந்தக் கையைப் பிடித்து முறுக்கி, முழங்காலால் முகத்தில் ஏற்றினான். குழி ஆட்கள் இரண்டு பேர் வந்து குமாரவேலைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

“கை தூக்குவியாடா? தூக்குடா குமாரவேலு! தூக்கு!”

மறு கை எழுந்தது.

“கோயில் முன்னால வேணாம் முதலாளி,” என்றார் இராமசாமி ஒரே ஒரு தடவை. பிறகு மைக்கை அணைத்தார். யாரோ ஒலிபெருக்கியில் நாதஸ்வரத்தைப் போட்டார்கள். ஐந்நூறு பேரில் பாதிப் பேர் அம்மனைப் பார்த்தார்கள், மீதிப் பேர் நிலத்தைப் பார்த்தார்கள். இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தை இன்னும் கையில் தராதவன் அடித்துக்கொண்டிருந்தான்.

ஷாமிளாவின் முடியை எவனோ பின்னாலிருந்து பிடித்திருந்தான். அவள் முடியை அவனிடமே விட்டுவிட்டு முன்னால் போனாள். கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பால்மா டின்னில் மூன்று கிலோ சில்லறை இருந்தது. இரண்டு கையாலும் அதைத் தலைக்குமேல் தூக்கி கஜேந்திரனின் வாயில் இறக்கினாள். ஒரு பல் அவன் சட்டைப் பொத்தானில் பட்டுத் தெறித்தது. அவன் திரும்பினான். அவள் மறுபடி அடித்தாள். புருவம் பிளந்தது. மூன்றாவது அடியில் டின்னின் மூடி கழன்று காசெல்லாம் மண்ணில் கொட்டியது. கஜேந்திரன் அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

குழி ஆட்கள் அவளைத் தொடவில்லை. கீழே கிடந்த குமாரவேலைத்தான் உதைத்தார்கள். பூட்ஸ் போட்ட கால் ஒன்று இடது கண்ணுக்குப் போனது. அதற்குப் பிறகு அவன் கையைத் தூக்கவில்லை.

அவனை லொறியில் ஏற்றும்போது சின்னப் பிள்ளைகள் காசு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிலது மஞ்சளாகவும் சிலது சிவப்பாகவும் இருந்தது.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். இடது கண் போய்விட்டது என்றார்கள். ஷாமிளா பொலிஸில் முறைப்பாடு எழுதினாள். அதே நாள் கஜேந்திரனும் அவள்மீது எழுதியிருந்தான்.

“சாக்கி இன்னவத?” என்று சிங்களத்தில் கேட்டார் சார்ஜன்ட். சாட்சி இருக்கிறதா.

“ஐந்நூறு பேர் இருந்தாங்க, சேர்.”

“ஒருத்தர் போதும்.”

அவள் பதினாலு பெயர் கொடுத்தாள். பதினாலு பேரும் அந்த நேரம் கோயிலுக்குள் பிரசாதம் வாங்கிக்கொண்டு நின்றதாகச் சொன்னார்கள்.

மூன்றாம் வாரம் இராமசாமி லயத்துக்கு வந்தார். மஞ்சள் துணியில் சுற்றிய பொதியைக் கட்டில்மேல் வைத்தார்.

“கஜேந்திரன் முதலாளி கடைசியாத் தூக்குன கை, ரெண்டு எம்பது. ஒரு சதம் கொறையாது. அவர் கேஸ அவர் வாபஸ் வாங்குறாராம். நீங்களும் வாங்கிட்டா முடிஞ்சிச்சி மகள்.”

“அண்ணன் கண்ணு?”

“அத நான் கொண்டாந்து தர முடியுமா?”

புஷ்பம் வாசலில் நின்றாள். “வாங்கிக்கங்க டீச்சர். மாசக் கடைசிக்கு எட்டு நாள்தான் இருக்கு. லோஜினியக் கட்டிப்போட எனக்குக் கை வராது.”

ஷாமிளா வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை, தொங்கும் தகரத்துக்குத் தள்ளி, இழுத்துக் கட்டிய தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே பெரட்டு வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் குமாரவேல் முதல் தடவையாக வந்து உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு பேரும் கையைத் தூக்கினார்கள். கடைசியாக, மெதுவாக, “குமாரவேல்” என்றாள்.

அவன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்குக் கீழே போனான். இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்து மூத்திரம் சீமெந்தில் ஓடியது. எட்டு மாதம் பழக்கிய சொல். அவன் பெயரை அடிக்குக் கொடுத்துவிட்டார்கள். கூரைக்காக அவன் கையை இறக்காமல் நின்றது தன்னுடைய கணக்கு என்பதும் அவளுக்குத் தெரியும்.

பொதியைப் பிரிக்காமல் இராமசாமியின் வீட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தாள்.

புஷ்பம் லயத்து முன்னால் நின்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினாள். “ஒங்க ரோசத்துக்கு எங்க புள்ளைங்க கயித்துல கெடக்கணுமா? படிச்ச திமிரு! ஒங்கண்ணன் மட்டுந்தான் மனுசனா?”

 

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தொரையின் ஆள் வந்து பிள்ளைக்காம்பராவுக்குப் பூட்டுப் போட்டான்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அம்மா பரணிலிருந்து கயிற்றை எடுத்தாள். அழவில்லை. “நான் மலைக்குப் போகணும். நீ கேஸுக்குன்னு அலையணும். வேற என்ன செய்யச் சொல்ற?”

ஷாமிளா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கயிற்றை நாலாக வெட்டினாள். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு நடந்தாள்.

கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நிறுத்தினார். தையல் போட்ட முகத்தோடு, ஒற்றைக் கண்ணோடு நின்ற குமாரவேலைப் பார்க்காமல் இருக்க எல்லாரும் கூடையைச் சரிசெய்தார்கள்.

“பொலிஸுக்கு ஒருத்தர் போதுமாம்,” என்றாள் ஷாமிளா. “எங்கண்ணன அடிச்சதப் பாத்தவங்க கையத் தூக்குங்க.”

யாரும் அசையவில்லை.

“ஏலத்துல அவன் கைய மட்டும் நல்லா எண்ணுனீங்களே!”

எங்கோ ஒருவர் இருமினார். முன்வரிசையில் புஷ்பம் நின்றாள். பூட்டுப் போட்டதால் லோஜினியை இடுப்பில் சுமந்து வந்திருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையின் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. இன்றைக்கு அப்படியே கொழுந்தெடுக்க வேண்டும், அல்லது திரும்பிப் போய்க் கட்ட வேண்டும்.

புஷ்பம் வலது கையைத் தூக்கினாள்.

பக்கத்தில் நின்ற அவள் புருசன் அந்தக் கையைத் தட்டி இறக்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் கஜேந்திரனின் குழியில் தண்ணீர் இறைப்பவன் அவன்.

“மூளை கெட்டுப்போச்சாடி?”

அவள் மறுபடி தூக்கினாள். அவன் பிடரியில் அடித்தான். லோஜினி வீரிட்டாள். புஷ்பம் பிள்ளையைக் கணக்கப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, அதே இடத்தில் நின்று, கையைத் தூக்கினாள். அவன் காதோடு சேர்த்து அறைந்தான். தோடு அறுந்து விழுந்தது. கழுத்தில் இரத்தம் இறங்கியது.

“நான் பாத்தேன்,” என்றாள். “பூட்ஸு காலால கண்ணுல ஒதச்சத நான் பாத்தேன். எழுதிக்கங்க டீச்சர்.”

குமாரவேல் தலையைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கு வழியாக அந்தக் கையையே பார்த்தான். அடி விழுந்தது. கை இறங்கியது. மறுபடி ஏறியது.

அவன் ஒரு கையைத் தலையிலிருந்து எடுத்தான். மற்றதை எடுக்கவில்லை.