கார் மெதுவாகப் போன கோடை

வினோத்ராஜுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும்தான் அசைந்தன. போடி கடைத்தெருவில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவன். நரம்பு நோய் வந்து, இரண்டே வருஷத்தில் கட்டிலோடு கிடந்தான். வயது நாற்பத்தொன்று. இதைக் குணமாக்க மருந்து கிடையாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த இரண்டு விரல்களுக்கும் ஒரு வேலை இருந்தது. பாலிடெக்னிக்கில் படித்தபோது விளையாடிய கார் கேம் ஒன்றை லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தான். கார் தானாக ஓடும். வளைவு வரும்போது இடது, வலது என்று பட்டனைத் தட்டினால் போதும். காலையில் வேலை முடிந்ததும் மனைவி ஜான்சி அவனைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, விரல்களை எடுத்துப் பட்டன்களின் மேல் வைப்பாள்.

சித்திரை வெயிலில் லேப்டாப் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஃபேன் இரைந்து, அடிப்பக்கம் கொதித்து, அப்படியே அணைந்துபோனது. ஜான்சி அதைத் தூக்கிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினாள்.

ரிப்பேர் கடை சுந்தர்ராஜ் தூசியைத் தட்டி, கேமை ஓட்டிப் பார்த்தான்.

"மெஷின் நல்லாத்தேன் இருக்குக்கா. கேமு ரொம்பப் பழசு. அத ஓட்டுற சாஃப்ட்வேரு, ப்ராசஸர் பூராத்தையும் தானே இழுத்துக்கிருது. அளவு வச்சு விட்டா சூடாகாது."

இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினான். ஒவ்வொரு அழுத்துக்கும் திரையின் மேல் ஓரத்தில் கேமின் வேகத்தைக் காட்டும் எண் இறங்கியது. இருபதாயிரத்தில் ஃபேன் அடங்கியது.

"இதுக்குக் கீழ எறக்காதீகக்கா. காரு ஊர ஆரம்பிச்சுரும்."

அன்று லேப்டாப் ஒரு மணி நேரம் அணையாமல் ஓடியது. வினோத்ராஜ் எல்லா வளைவிலும் பாறையில் மோதினான். முன்பெல்லாம் மோதினால் மெஷின் சரியில்லை என்பான். இப்போது அப்படிச் சொல்ல வழியில்லை.

"வெரலு பிந்துது ஜான்சி" என்றான்.

மறுநாள் அவனை உட்காரவைக்கும் முன், ஜான்சி அந்த இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தினாள். பதினைந்தாயிரம். கார் நிதானமாகக் கிளம்பியது. வினோத்ராஜ் கடைசிவரை ஓட்டிவிட்டான். பல மாதங்களுக்குப் பிறகு அன்று சிரித்தான்.

வைகாசியில் பத்தாயிரத்துக்கு இறக்கினாள். ஆனியில் ஆறாயிரம். லேப்டாப் தொட்டால் குளிர்ந்து கிடந்தது. ஒருநாள் கொல்லைப்புறம் போய் நின்று சுந்தர்ராஜுக்குப் போன் போட்டாள்.

"இன்னும் எம்புட்டு எறக்கலாம் தம்பி?"

"காரு நிக்கிற வரைக்கும் எறக்கலாம்க்கா. எதுக்குக் கேக்குறீக?"

"அவுகளுக்கு வெரலு ஓடல."

"எறக்குங்கக்கா" என்றான்.

மூவாயிரத்தில் கார் மாட்டுவண்டி போல நகர்ந்தது. கூட ஓடிய கார்களும் அப்படியே. கேமின் பாட்டு விட்டுவிட்டு இழுத்தது. அன்றைக்கும் வினோத்ராஜ் ஜெயித்தான். ஆனால் சிரிக்கவில்லை.

"மேல நம்பரு தெரியுதுடி" என்றான். பேச்சு கொழகொழத்திருந்தது. "மொத நாளே பாத்துட்டேன்."

ஜான்சி அவன் பக்கம் திரும்பினாள். "அப்பறம் ஏங்க சொல்லல?"

"ஜெயிக்கிறது நல்லா இருந்துச்சு."

அவள் சேலைத் தலைப்பால் அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். மறுநாள் அவளாக எண்ணைத் தொடவில்லை. அவனே கண்ணால் திரையைக் காட்டினான். இரண்டாயிரத்துக்கு இறக்கினாள்.

ஆடி பிறந்து நாலாம் நாள், ஜான்சி எடுத்து வைத்த விரல்கள் வைத்த இடத்திலேயே கிடந்தன. கார் போய் முதல் வளைவில் மோதியது. மறுபடி கிளம்பி, மறுபடி மோதியது. அவன் விரல் மேல் தன் விரலை வைத்து அவள் அழுத்தப் போனாள். வேண்டாம் என்று அவன் தலையை அசைத்தான். இரண்டு மூன்று முறை சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"நீ ஓட்டு."

அவள் அதுவரை விளையாடியதே இல்லை. லேப்டாப்பை இருவருக்கும் தெரிகிற மாதிரி திருப்பிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கார் ஊர்ந்து வளைவுக்கு வந்தது. பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பிடிபடாமல் அவனைப் பார்த்தாள். அவன் சொன்னான். சொல் குழறி, வெறும் சத்தமாகத்தான் வந்தது.

"என்னங்க? எந்தப் பக்கம்?"

அவன் மறுபடியும் சொன்னான். அவள் காதை அவன் வாயருகே கொண்டுபோனாள். இடதா வலதா என்று விளங்கவில்லை. அவ்வளவு மெதுவாக வந்த கார், அதற்குள் போய்ப் பாறையில் மோதி நின்றது.