யாரும் உண்ணாத அரிசி

“வெங்காயம், பூண்டு ஏதாவது கலந்திருக்கான்னு மட்டுந்தான் கேட்டார் சாஸ்திரிகள்,” என்றாள் அபயாம்பாள். “மண்ணுல இருக்கிற ஒரு கிருமியோட ஜீனை நெல்லுல சேர்த்திருக்குன்னேன். மண்ணுதானே, தோஷமில்லேன்னுட்டார்.”

கிளிஃபர்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை அவளுடைய கணவர் சுவாமிநாதனின் முதல் திதி. அடையாறு ஆய்வுக்கூடத்தில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் இப்போது அவருடைய மாணவன் கிளிஃபர்ட் இருந்தான்.

பின்னாலிருந்த கண்ணாடிக் கூடத்தில் சுவாமிநாதனின் நெல் முற்றியிருந்தது. தண்டைத் துளைக்க வரும் புழு, கடித்ததும் செத்துப்போகும். அந்தக் குணம் நிலைத்த முதல் விளைச்சலைப் பார்க்க அவர் இல்லை. விதைக்குக் கொஞ்சம் எடுத்துப் பூட்டி வைப்பார்கள். மிச்சமெல்லாம், வைக்கோல் உட்பட, நாளை உலையில் எரியும். ஓர் எலிக்குக்கூடக் கொடுத்துச் சோதிக்காத அரிசி. ஒரு மணிகூட வெளியே போகாது என்று அரசுக்கு எழுதிக் கொடுத்துத்தான் அனுமதி வாங்கியிருந்தார்கள். எழுதியவர் சுவாமிநாதன். ஒருமுறை சட்டை மடிப்பில் ஒட்டி வீடுவரை வந்துவிட்ட நெல்லை, மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறித் திரும்பக் கொண்டுவந்து எரித்தவர்.

அதைக் கிளிஃபர்ட் நினைவுபடுத்தினான். அன்று அந்தச் சட்டையை உதறியதே தான்தான் என்றாள் அவள். சமையலுக்குக் கடை அரிசி இருக்கிறது, பிண்டத்துக்கு மட்டும் அவருடைய இந்த அரிசி வேண்டும் என்றாள். மகன் கிரீஷ் பிடித்து வைப்பான். பிறகு சாந்தோம் கடலில் கரைத்துவிடுவார்கள். காக்காய்க்கு வைக்கப்போவதில்லை என்று அவளாகவே சொன்னாள்.

“மாமி, வெளிய தெரிஞ்சா அனுமதி போயிடும். சாரோட வேலை மொத்தமும் நின்னுடும்.”

“வெந்த அரிசி முளைக்காதுடா. அவரோட குடித்தனம் பண்ணினதுல அதாவது தெரிஞ்சுண்டிருக்கேன்.”

கிளிஃபர்ட் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். மின்விசிறிக் காற்றில் கதிர்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. வேறு காற்று அவற்றின்மேல் பட்டதேயில்லை. அந்தப் பயிரின் உயரம், கதிரின் எடை, இலையின் நிறம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். சோறாக அது எப்படி மணக்கும் என்று அவனுக்கும் தெரியாது, சாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அபயாம்பாள் பையிலிருந்து ஒரு சின்னச் சம்புடத்தை எடுத்து, மூடியைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

“ஊருக்கெல்லாம் சோறுன்னு சொல்லிண்டே போயிட்டார். ஒருவாய் அவர் சாப்பிடட்டுமே. ஒரு பிடி குடேன், கிளிஃபர்ட்.”