பச்சைக் கோடு

ஆரூரன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறைக்குள் புகுந்திருந்த அட்டையை உப்புத்துணியால் ஒற்றிக்கொண்டே, "அந்த மனுசன்தான் நிப்பாட்டியிருப்பார். வேற ஆர்?" என்றான். அட்டை சுருண்டு விழுந்து, குடித்ததையெல்லாம் தோட்ட ஆபீசின் சிவப்புத் தரையில் கக்கியது. பக்கத்தில் நின்ற துஷ்யந்தி, பிறந்ததிலிருந்து அட்டையைப் பார்க்கிறவள். அவளுக்கு அருவருப்பாக இருந்தது அட்டை அல்ல.

'அந்த மனுசன்' என்பது கன்னையா. ஆபீசுக்குள் கூப்பிடாததால் வெளியே தாவாரத்தில் நனைந்தபடி நின்றார். தெரணியகலைக்கு மேலேயுள்ள இந்தத் தோட்டத்தின் மேற்பிரிவில் சைரன் பெட்டிச் சாவி அவரிடம்தான். மலையுச்சியில் வைத்திருக்கும் மழைமானி அளவு மீறினால் சைரன் தானாக அலறும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு எதிர்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். அலறத் தொடங்கிய சைரன் சாவி போட்டால்தான் நிற்கும். முன்கூட்டியே சாவியைத் திருப்பி அதை அலறாமல் வைக்கவும் முடியும். போன வாரம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. சைரன் வாயே திறக்கவில்லை. மண் சரிந்து வந்து கடைசி லயத்தில் சுப்பம்மாவின் குசினியை அப்படியே மூடிவிட்டது. மாட்டுக்குப் புல்லுப் போடப் போயிருந்ததால்தான் அவள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறாள். அன்றிலிருந்து கன்னையாவைக் கண்ட இடத்தில் துப்புகிறாள்.

சைரனை இயக்கும் மென்பொருளைச் செய்தது கொழும்பில் இருக்கும் ஒரு கொம்பனி. அதன் குழுத்தலைவன் ஆரூரன். அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் துஷ்யந்தி அதே மேற்பிரிவு லயத்தில் பிறந்தவள். கன்னையா அவளுக்கு மாமா முறை. கொம்பனி தோட்டத்துக்கு எழுதியனுப்பிய விளக்கம் ரொம்ப மரியாதையாக இருந்தது: மென்பொருளில் கோளாறு இல்லை, பெட்டி கையால் நிறுத்தப்பட்டிருக்கலாம். அந்த 'கலாம்' ஒன்றை வைத்துக்கொண்டே தோட்டத்தில் எல்லோரும் கன்னையாதான் குற்றவாளி என்று தீர்த்துவிட்டார்கள். இன்றைக்குத் தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்னால் சைரனை அலற வைத்துக் காட்டப்போகிறார்கள். அலறினால் இயந்திரம் நல்லது, ஆள் கெட்டவன். பிறகு விஷயம் பொலிசுக்குப் போகும்.

நடந்தது என்னவென்று துஷ்யந்திக்குத் தெரியும். அந்த மென்பொருளுக்குள் ஒரே நேரத்தில் பல திரெட்டுகள், அதாவது தனித்தனி வேலையோட்டங்கள், ஓடுகின்றன. ஒன்று மழைமானியைக் கேட்கும், ஒன்று கணக்குப் பார்க்கும், ஒன்று சைரனை இழுக்கும். எந்தத் திரெட் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து, நேரம் குறையக் குறையப் பச்சையாகும் கோடு போட்டுக் காட்டுவது புரொஃபைலர். திரெட்டுகளை நிறுத்தி வைத்து உள்ளே என்ன நடக்கிறதென்று பார்ப்பது டிபக் சேர்விஸ். பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அழகான கோடுகள் காட்ட வேண்டுமென்று ஆரூரன் இரண்டையும் கொழுவினான், ஓடிக்கொண்டிருக்கும் சைரன் மென்பொருளிலேயே. அவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். இவன் கழற்றாமல் போனான். புரொஃபைலர் அளக்கும்போதெல்லாம் திரெட்டை ஒரு கணம் நிறுத்தும்படி டிபக் சேர்விசைக் கேட்கும். எப்போதாவது இரண்டும் ஒரே திரெட்டில் ஒன்றாகக் கை வைத்துவிட்டால், அது அவிழ்த்துவிடும் என்று இது இருக்கும், இது அவிழ்த்துவிடும் என்று அது இருக்கும். நடுவில் அந்தத் திரெட் செத்த பிணமாகக் கிடக்கும். சும்மா கிடப்பது நேரமே எடுக்காதல்லவா, அதனால் திரையில் அதன் கோடு மட்டும் மற்ற எல்லாவற்றையும் விடப் பச்சையாக, வடிவாகத் தெரியும்.

வீட்டுக் கணினியில் இதைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரூரனுக்குப் போன் எடுத்தாள். அவன் மறுக்கவேயில்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நீர் சொல்றது சரியாத்தான் இருக்கும். இப்ப இதைக் கிளப்பினா கொம்பனிக்குப் பேர் போயிடும், விளங்குதோ? ஒருத்தரும் சாகேல்லத்தானே. அந்தாளுக்கு வேற எங்கையாவது ஒரு வேலை குடுப்பினம்."

"அவர பொலிசுக்கு குடுக்கப் போறாங்கண்ணா."

"அப்பிடிப் போகாது. நான் வந்து கதைக்கிறன். சைரன் அடிச்சுப் பாக்கப்போறமெண்டு சனத்துக்கும் அறிவிப்பினம். நீர் பேசாம இரும்."

பேசாமல்தான் இருந்தாள். நேற்று அவள் ஊருக்கு வந்ததும் கன்னையா லயத்து வாசல்வரை வந்து, "நா சாவியத் தொடவே இல்ல புள்ள. மழ நாள்ல அது இடுப்ப விட்டு எறங்குமா?" என்று கேட்டபோதும் பேசாமல் இருந்தாள். சொன்னால் அவர் லயமெல்லாம் சொல்லுவார், ஆரூரன் அதற்கும் ஒரு கதை கட்டுவான். துரையின் கண்ணுக்கு முன்னால்தான் காட்ட வேண்டும் என்று மனதுக்குள் முடிவுகட்டியிருந்தாள்.

துரை வந்தார். கிளாக்கர் முக்தார் தட்டில் மீன் பணிஸ் கொண்டுவந்து வைத்தார். ஆரூரன் உப்புப்பட்ட அதே கையால் ஒன்றை எடுத்துக் கடித்தான். ஆபீஸ் மூலையில் இருந்த கணினிக்கு முன்னால் துஷ்யந்தி உட்கார்ந்தாள். மண் சரிந்த பிறகு ஆரூரன் கழற்றிவைத்திருந்த புரொஃபைலரைத் திறந்து, மறுபடியும் டிபக் சேர்விசோடு கொழுவினாள். வீட்டில் பழகிய கைக்கு, திரெட் எங்கே மாட்டும் என்று தெரிந்திருந்தது. திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. ஆரூரன் மெல்லுவதை நிறுத்தினான்.

"இது இப்ப எதுக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அன்னைக்கும் ஓடிச்சு தானேண்ணா. அன்னைக்கு மாதிரியே பாப்போம்."

துரை குனிந்து பார்த்து, நல்ல வடிவாக இருக்கிறதே என்று சிங்களத்தில் சொன்னார். ஆரூரன் பணிசைத் தட்டில் திருப்பி வைத்தான்.

மலையுச்சியில் இருப்பதைப் போலவே சைரனோடு இணைத்த ஒரு மழைமானி ஆபீஸ் முற்றத்திலும் உண்டு. கன்னையா வாளித் தண்ணீரை அதில் ஊற்றினார். அளவைத் தாண்டி, விளிம்பில் வழிந்து, அவருடைய கால்களை நனைத்துக்கொண்டு ஓடியது. எல்லோரும் மேற்பிரிவுப் பக்கம் காது கொடுத்தார்கள். இறப்பர் மரங்களில் மழை விழும் சத்தம்தான் கேட்டது. கன்னையா வெறும் வாளியைக் கவிழ்த்துப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தச் சத்தமின்மை தனக்குச் சார்பானது என்று அவருக்கு விளங்கவில்லை. இதுவும் தன் தலையில்தான் விழப்போகிறது என்று நினைத்தவர், மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்து நீட்டினார்.

"சாவி இங்க தாங்க இருக்கு தொர. நா திருப்பல."

"நெற்வேர்க் இழுக்குது," என்றான் ஆரூரன்.

"நெட்வேர்க் இல்ல." துஷ்யந்தி எழுந்து நின்று துரைக்குச் சிங்களத்திலேயே சொன்னாள். எது யாரால் கொழுவப்பட்டது, ஏன் கழற்றப்படவில்லை, போன் எடுத்தபோது அவன் என்ன சொன்னான், எல்லாவற்றையும் சொன்னாள். துரை ஆரூரனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி, இப்ப அடிக்க வைக்க ஏலுமா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் புரொஃபைலரைக் கழற்றி, மாட்டிக்கிடந்த திரெட்டை அவிழ்த்துவிட்டாள்.

மலை அலறியது. முற்றத்துக் காகங்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. கன்னையாவின் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. துரை கையைத் தட்டினார். ஆரூரன்கூடச் சிரித்தான். "பாத்தீங்களா, வேலை செய்யுது," என்றான். இவன் எதைத்தான் தின்று வளர்ந்தானோ என்று இருந்தது அவளுக்கு.

அப்போதுதான் முக்தார் யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

மேற்பிரிவில் லயங்களின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து சனம் வெளியே கொட்டியது. ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இன்னொருத்தி அடுப்பிலிருந்து இறக்கிய பானையோடு. சேற்றில் சறுக்கி விழுந்து எழுந்து பள்ளிக்கூட மேட்டுப் பக்கம் ஓடினார்கள்.

"லயத்துக்கு சொல்லலியா?" என்று துஷ்யந்தி கேட்டாள்.

"கொம்பனியால சொல்லீருப்பீங்கன்டு நெனச்சேன்," என்றார் முக்தார்.

"ஆபீசில இருந்து சொல்லுவினமெண்டு..." என்று ஆரூரன் இழுத்தான்.

அவளும்தான் கேட்கவில்லை. அறிவிப்பினம் என்று அவன் சொன்னபோது, யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. துரையின் கண்ணுக்கு முன்னால் காட்டுவது மட்டுமே மனதில் இருந்தது. ஆரூரனைப் பார்த்தபோது வந்த அதே அருவருப்பு இப்போது தன்னை நினைத்தும் வந்தது.

"நிப்பாட்டும் அதை," என்று ஆரூரன் கத்தினான். இங்கிருந்து நிறுத்த முடியாது. சாவி வேண்டும்.

கன்னையா அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தார். சாவியைப் பிடித்திருந்த கையை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு, ஓட வேண்டாம், ஒன்றுமில்லை என்று கத்திக்கொண்டே குறுக்குப் பாதையில் ஏறினார். சைரனுக்குள் அவர் குரல் எங்கே கேட்கப்போகிறது? மேலே படிக்கட்டில் சுப்பம்மா கன்றுக்குட்டியைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கணம் நின்று திரும்பி, மழைக்குள் கையை வீசிக்கொண்டு ஓடிவரும் கன்னையாவைக் கண்டாள். இந்தமுறை அவள் துப்பவில்லை. கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஓடச் சொல்லித்தான் அவர் கை காட்டுகிறார் என்று நம்பி, முன்னைவிட வேகமாக ஓடினாள்.