மச்சான் போட்ட தோட்டா

ரைபிள் பயிற்சிக்கு வந்த முதல் நாளே அவனுக்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். வங்கிப் பணத்தை வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் அந்த நிறுவனத்தில் மச்சான் பழைய காவலாளி. தங்கை புருஷனை வாசல் காவலுக்குச் சேர்த்துவிட்டவரும் அவரே. அதை யார் மறந்தாலும் அவர் மறக்க விடமாட்டார்.

இப்போது வாசலுக்குத் தானாகத் திறந்து மூடும் கதவு வந்துவிட்டது. வண்டியில் ரைபிளோடு போகத் தேறினால் வேலை உண்டு. இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். இரண்டு முறை தேறவில்லை. விடிந்தால் கடைசித் தேர்வு.

விசையில் விரல் அழுந்தும்போதே, இன்னும் வராத சத்தத்துக்குக் கண் இறுக மூடிக்கொள்ளும். தோள் சுருங்கும், குழல் குனியும். தோட்டா இலக்கை விட்டுவிட்டு மண்மேட்டுக்கு மரியாதை செய்யும். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மூச்சை அடக்கச் சொன்னார் ஒருவர், விடச் சொன்னார் இன்னொருவர். பேனாவைத் தவிர எதையும் நீட்டிப் பிடித்தறியாத கணக்கர் பல்லைக் கடிக்கச் சொன்னார். ஒன்று விடாமல் செய்து பார்த்தான். கண்ணோடு பல்லும் சேர்ந்து இறுகியதுதான் மிச்சம்.

பயிற்சி அதிகாரி அதிகம் பேசாத பெண்மணி. ஒருவர் தோட்டா போட வேண்டும், மற்றவர் சுட வேண்டும் என்று ஜோடி பிரித்தார். நிஜத் தோட்டாவையும் வெடிமருந்தில்லாததையும் கலந்து போட வேண்டும். எது உள்ளே இருக்கிறதென்று சுடுகிறவனுக்குத் தெரியக் கூடாது. வெடிக்காதபோது தன் துள்ளல் தனக்கே தெரியும், தெரிந்தால் குறையும் என்றார். இவனுக்கு ஜோடியாக மச்சான் தானே முன்வந்தார்.

அதிகாரி வரிசையின் மறுகோடிக்குப் போனதும் மச்சான் மருந்தில்லாததையே போடத் தொடங்கினார். 'டிக்' என்று சத்தம் வரும், இவன் துள்ளுவான், பின்னால் நின்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நன்றாகக் கேட்கட்டும் என்று மச்சான் தன் காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"வெடிக்காததுக்கே இந்தக் குதி. வெடிச்சா மாப்ளே நேரா என் தங்கச்சி மடியிலதான் போய் விழுவாரு."

ஆனால் வெறும் டிக்குக்கு எத்தனை முறைதான் துள்ளுவது? உடம்புக்கும் சலிப்பு உண்டு. இவர் எதைப் போட்டாலும் வெடிக்காது என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதுமே பழையதெல்லாம் வரிசை கட்டி வந்தது. வாங்கித் தருகிறேன் என்ற மோட்டார் சைக்கிள், பேசி முடித்துவிட்டேன் என்ற வாடகை வீடு, மேலிடத்தில் சொல்லிவைத்திருக்கிறேன் என்ற சம்பள உயர்வு. ஒன்றாவது வெடித்ததா?

மச்சான் பின்பக்கம் திரும்பிச் சிரித்தபடியே தோட்டாத் தட்டில் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டார். அவன் நிம்மதியாக விசையை அழுத்தினான்.

வெடித்தது. அவன் கண் மூடவில்லை. இலக்கின் நடுவில் ஓட்டை. மச்சான்தான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மணல் மூட்டைமேல் குப்புறக் கிடந்தார். அதிகாரி வந்து தட்டைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், மச்சானையும் பார்த்தார். மாலைவரை காலித் தோட்டாக் கூடு பொறுக்கும் வேலையை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் தேர்வில் தோட்டாவை அவனே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இருந்தாலும் ஒவ்வொன்றையும் மச்சான் போட்டதாகவே வைத்துக்கொண்டான். நடுவில், ஒருவேளை இது நிஜமாக இருந்தால் என்று சந்தேகம் வந்தது; அந்த ஒன்று மண்மேட்டுக்குப் போயிற்று. மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொண்டு மீண்டும் குறிபார்த்தான். தேறிவிட்டான்.

இரவுச் சாப்பாட்டுக்கு மச்சான் வந்திருந்தார்.

"எல்லாம் நான் குடுத்த பயிற்சிம்மா," என்றார் தங்கையிடம். "வேற யாராவது ஜோடியா நின்னிருந்தா இவரு தேறியிருப்பாரா?"

அவள் திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"உண்மைதான் மச்சான். ஒவ்வொரு தடவையும் உங்களத்தான் நெனச்சுக்கிட்டேன்."

மச்சான் பூரித்துப்போனார். தலைமைக் காவலாளி பதவி காலியாகப் போகிறது, மேலே சொல்லி அவனுக்கே முடித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அவன் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.